கொதிக்கிற தண்ணியில குளிச்ச ஜியான்

நம்ம பக்கத்து ஊரு இல்ல, அதுக்கும் பக்கத்து ஊரு இல்ல, சீன தேசத்துல, ஒரு பெரிய ஏரிக்கரையில, ஸாங்வான்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல பெய்லான்னு ஒருத்தி இருந்தா. பேரு வாயில நுழையலையா? ரெண்டு தடவ சொல்லிப் பாருங்க, தானா நுழையும். புருஷன் ஏரியில படகு கவுந்து போய்ச் சேர்ந்துட்டான், புள்ள குட்டி கிடையாது, ஒரு ஓட்டு வீடு, நாலு மூங்கில் தட்டு, தட்டு நெறைய பட்டுப்புழு, அம்புட்டுத்தான் அவ குடும்பம்.

அந்த ஊர்ல எல்லாரும் பட்டுப்புழு வளக்குறவங்கதான். வருஷத்துல ஒரு மாசம் புழு மாசம். அந்த மாசத்துல ஒவ்வொரு வீட்டுக் கதவுலயும் செவப்புக் காகிதம் ஒட்டி, பீச் மரத்துக் கொப்பு ஒண்ணு செருகி வச்சிருவாங்க. வச்சாச்சுன்னா யாரும் கதவத் தட்டக்கூடாது, யாரும் சத்தமாப் பேசக்கூடாது, யாரும் எண்ணெய் காயவச்சு எதையும் தாளிக்கக்கூடாது. ஏன்னு கேளுங்க. புழு பயந்துக்கும். பயந்துச்சுன்னா இலை திங்காது. திங்கலன்னா செத்துப்போகும். அதனால அரண்மனைச் சேவகன் வந்தாக்கூட செவப்புக் காகிதத்தப் பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிருவான். எந்த ராஜா காலத்துலயும் அதுதான் வழக்கம்.

நம்ம பெய்லானும் கதவச் சாத்திக்கிட்டு புழுவப் பாத்து, “சாப்புடுங்க கண்ணுங்களா, சாப்புடுங்க”ன்னு மெதுவாச் சொல்லிக்கிட்டு மல்பெரி இலையப் போட்டுக்கிட்டிருந்தா. அதுல ஒரே ஒரு புழு மட்டும் எம்புட்டு போட்டாலும் பத்தலங்குது. தட்டுல இருந்த இலையத் தின்னுச்சு. அப்புறம் தட்டையே தின்னுச்சு. அப்புறம் சுவத்துல மாட்டியிருந்த அவ வைக்கோல் தொப்பியத் தின்னுச்சு. பெய்லானுக்கு கண்ணு முழி பிதுங்கிப் போச்சு. புழு எங்கயாச்சும் தொப்பி திங்குமா? யார்கிட்டயாவது சொல்லலாம்னா புழு மாசம், கதவத் தொறக்க முடியாது. வாய மூடிக்கிட்டு இருந்தா.

அப்புறம் அந்தப் புழு கூடு கட்டுச்சு. மத்த கூடெல்லாம் கட்டைவிரல் பெருசு. இது பரங்கிக்காய் பெருசு.

பட்டுக்கூட்ட என்ன பண்ணுவாங்க தெரியுமா? கொதிக்கிற தண்ணியில போட்டாத்தான் நூல் பிரியும். உள்ள இருக்கிற புழு செத்துரும். பாவந்தான். ஆனா பட்டுப்பாவாடை வேணும்னு அழுறவங்க இங்கயே ரெண்டு பேர் உக்காந்திருக்கீங்க, அதனால நான் ஒண்ணும் சொல்லல. பெய்லானுக்கு அந்த நூல வித்தாத்தான் வருஷம் பூரா சோறு. பெரிய அண்டாவ அடுப்புல ஏத்தி, தண்ணி தளதளன்னு கொதிக்கறப்ப அந்தப் பரங்கிக்காய்க் கூட்ட ரெண்டு கையாலயும் தூக்கி உள்ள போட்டா.

போட்டாளா? உள்ளருந்து ஒரு குரல் கேக்குது.

“அம்மா, தண்ணி பத்தல. இன்னும் ரெண்டு குடம் ஊத்து.”

பெய்லான் கையில இருந்த கரண்டி நழுவிக் கீழ விழுந்துருச்சு. அவ பாத்துக்கிட்டே இருக்கா, கூடு பிரியுது, நூல் தானா ஒரு பக்கம் சுத்திக்கிது, அஞ்சு வயசுப் பையன் ஒருத்தன் அந்தக் கொதிக்கிற தண்ணியில உக்காந்து முதுகு தேச்சுக் குளிச்சுக்கிட்டிருக்கான். ஒரு கொப்புளம் கிடையாது.

“அய்யோ, நான் ஒரு புள்ளையப் போட்டு வேகவச்சுட்டேனே”ன்னு பெய்லான் தலையில அடிச்சுக்கிட்டா.

“வேகலம்மா, அழாத. சூரியனாலயே என்னைய வேகவைக்க முடியல, உன் அடுப்பா வேகவைக்கப் போவுது?”ன்னான் அவன். அப்புறம் தலையத் துவட்டிக்கிட்டு தன் பொறப்பச் சொன்னான். உலகத்துக்குக் கிழக்குக் கோடியில, கடலுக்கு நடுவுல, மலை ஒசரத்துக்கு ஒரு மல்பெரி மரம் இருக்காம். தெனம் காலையில சூரியன் அதுல ஏறி உக்காந்து கொஞ்சம் இளைப்பாறிட்டுத்தான் வானத்துக்குப் போகுமாம். அந்த மரத்து இலையில ஒட்டியிருந்த முட்டை இவன். ஆயிரம் வருஷம் சூரியன் பக்கத்துலயே காஞ்சு கெடந்திருக்கான். ஒரு நாள் காத்துல அந்த இலை பிச்சுக்கிட்டு வந்து ஸாங்வான்ல விழுந்திருக்கு, பெய்லான் அதையும் சேத்துப் பொறுக்கி புழுவுக்குப் போட்டிருக்கா.

“புழுவா இருக்கறப்ப நீ தெனமும் ‘சாப்புடு கண்ணு’ன்னு சொன்ன. என்கிட்ட அப்படி யாரும் சொன்னதில்ல. அதனால நீதான் எனக்கு அம்மா”ன்னான்.

பெய்லான் என்ன பண்ணுவா? பழைய துணியில ஒரு சட்டை தச்சுப் போட்டுவிட்டு, ஜியான்னு பேரு வச்சா. அவங்க பாஷையில ஜியான்னா பட்டுக்கூடு.

அப்புறம் அவன் தன்னோட மாயத்தையும் சொன்னான். பட்டுப்புழு நாலு தடவ தூங்கி நாலு தடவ தோல் உரிக்கும்ல, அது மாதிரி இவனும் மனுசனா நாலு தோல் உரிப்பானாம். உரிச்ச தோல எது மேல போத்தி, “இன்னாரா ஆகு”ன்னு சொன்னாலும் அது அந்த ஆளாவே ஆயிருமாம், பொழுது சாயற வரைக்கும். “ஆனா நாலாவது தோல் மட்டும் வேறம்மா. அத நானே திரும்பப் போத்திக்கிட்டு கூடு கட்டி, நாப்பது நாள் யாரும் தொடாம உள்ள இருந்தா, சூரியன் இருக்கற வரைக்கும் எனக்குச் சாவு கிடையாது. போத்திக்கலன்னா நானும் உங்கள மாதிரிதான். நரைக்கும், சாவு வரும்”ன்னான். பெய்லான் அவன் கையப் புடிச்சுக்கிட்டு, “அந்த நாலாவது தோல விளையாட்டுக்குக் கூட யாருக்கும் குடுத்துராத”ன்னு சத்தியம் வாங்க வந்தா. அவன் சத்தியம் பண்ணாம வெளிய ஓடிட்டான்.

அதுக்கப்புறம் பெய்லானுக்கு அதிர்ச்சி மேல அதிர்ச்சிதான், போங்க.

மொத தோல் உரிஞ்சுது. அவ சந்தைக்குப் போய்ட்டு வீட்டுக்கு வர்றா, உள்ள இன்னொரு பெய்லான் வீட்டக் கூட்டிக்கிட்டிருக்கா. அதே மூக்கு, அதே கிழிஞ்ச முந்தானை. அந்தப் பெய்லான் இவளப் பாத்து இடுப்புல கை வச்சுக்கிட்டு, “யாருடி நீ, என் வீட்டுக்குள்ள செருப்போட வர்ற?”ங்குறா. தான் யாருன்னே ஒரு நிமிசம் சந்தேகம் வந்துருச்சு, வாசல்லயே உக்காந்துட்டா. பொழுது சாஞ்சதும் பாத்தா, அது துடைப்பம். ஜியான் பரண் மேல உக்காந்து விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

ரெண்டாவது தோல் உரிஞ்சுது. அத ஒரு வாத்து மேல போத்தி ஊர்த் தலைவரா ஆக்கிட்டான். அந்தத் தலைவர் ஏரிக்கரையில இருந்த நல்ல மல்பெரி மரத்தையெல்லாம் தனக்குன்னு வேலி போட்டு வச்சிருந்த ஆளு. ஊரு கூடியிருக்கு, வாத்துத் தலைவர் நடுவுல நிக்கிறாரு. “ஐயா, வேலியப் பிரிச்சுரலாமா?”ன்னு ஒருத்தர் கேக்குறாரு. “குவாக்”னு தலைய ஆட்டுறாரு. “இலைய எல்லாரும் பறிச்சுக்கலாமா?” “குவாக்.” “நெசமாத்தானா?” “குவாக்.” ஊரே வாயப் பொளந்து நின்னுச்சு, அப்புறம் அவரு மனசு மாறறதுக்குள்ள ஓடிப்போய் வேலியப் பிரிச்சுப் போட்டுட்டாங்க. நெசத் தலைவர் வந்து பாத்து மயக்கமாயிட்டாரு. யாருப்பா அங்க வாத்து மாதிரி கத்துறது? கத்தாம கேளு.

மூணாவது தோல் உரிஞ்சுது. அந்தப் பய சும்மா இருந்திருக்கலாம். ஊறுகாய் ஜாடி மேல அதப் போத்தி, “ராஜாவா ஆகு”ன்னு சொல்லிட்டான். ஏரியில படகு விட வந்த அரண்மனைச் சிப்பாய்ங்க நூறு பேர் அந்த ஜாடி ராஜாவப் பாத்து குப்புற விழுந்து கும்பிட்டாங்க, பல்லக்குல ஏத்தி ஊர்வலம் விட்டாங்க. என்ன கேட்டாலும் அது “உம்”னு மட்டும் சொல்லுது, வெறும் ஜாடிக்குள்ள வேற என்ன இருக்கும்? பொழுது சாயற நேரத்துக்கு அரண்மனை வாசல்ல பல்லக்க எறக்கி, நெச ராஜா வந்து தெரையத் தூக்கிப் பாத்தா, உள்ள ஊறுகாய் ஜாடி.

ராஜாவுக்குக் கோவம் வந்துச்சு. யாரு பண்ணுனதுன்னு விசாரிச்சான். “பெய்லான் வளக்குற பையன் மகாராஜா, துடைப்பத்தையும் வாத்தையும் மனுசனா ஆக்குனவன், கொதிக்கிற தண்ணியில போட்டும் சாகாம வந்தவன்”னு சொன்னாங்க. அதக் கேட்டதும் கோவம் போயிருச்சு, பேராசை வந்துருச்சு. ஏன்னா அந்த ராஜாவுக்கு சாவுன்னா அப்படி ஒரு பயம். தலையில ஒரு நரைமுடி தெரிஞ்சா சிரைக்க வந்தவன ஜெயில்ல போடுற ஆளு. “சாகாதவன் கட்டுற கூட்டுலருந்து நூல் எடுத்து அங்கி நெய்து போட்டுக்கிட்டா எனக்கும் சாவு வராது. புழு மாசத்துல அவனும் கூடு கட்டுவான். அப்பப் போய் புடிக்கணும்”னு சொன்னான்.

“மகாராஜா, புழு மாசத்துல கதவு தட்டுற வழக்கமில்லையே”ன்னாரு தளபதி.

“எவன் வச்ச வழக்கம்?”னான் ராஜா.

அடுத்த புழு மாசம் வந்துச்சு. ஊரே செவப்புக் காகிதம் ஒட்டிக்கிட்டு மூச்சு விடாம இருக்கு. அப்ப வந்தான் பாருங்க ராஜா, ஆயிரம் குதிரை, முன்னூறு பேரிகை, தடதடன்னு. மொத வீட்டுக் கதவுல இருந்த காகிதத்தக் கிழிச்சான், கொப்ப ஒடிச்சான், கதவ ஒதைச்சுத் தொறந்தான். அந்தச் சத்தத்துல வீட்டுக்கு வீடு அத்தன புழுவும் தலையத் தூக்குச்சு. தூக்குனது தூக்குனபடியே நிக்குது, இலையத் தொடல. பொம்பளைங்க வாயில முந்தானைய வச்சு அடைச்சுக்கிட்டு சத்தமில்லாம அழுதாங்க. அப்பவும் சத்தம் போட்டு அழல, பாத்துக்கங்க. இப்படி ஒருத்தன் பண்ணுவான்னு அந்த ஊர்ல யாரும் நெனச்சுக்கூடப் பாத்ததில்ல.

ராஜா ஊருக்கு நடுவுல அண்டா அண்டாவா தண்ணி கொதிக்க வச்சுட்டு தளபதிக்கு உத்தரவு போட்டான். “பெரிய கூடு ஒண்ணு இருக்கும், கண்டதும் அண்டாவுல போடு. அந்தப் பய எமகாதகன், கவனமாக் கேட்டுக்கோ. வெளிய அவன மாதிரியே ஒருத்தன் நின்னா நம்பாத, அது துடைப்பமா இருக்கும். கூட்டுக்குள்ளருந்து என் குரல்லயே கத்தினாலும் நம்பாத. யாரு வந்து சத்தியம் பண்ணினாலும் நம்பாத. நம்புனவன் தலை இருக்காது.”

“உத்தரவு மகாராஜா”ன்னாரு தளபதி. ஜாடியச் சுமந்து பல்லக்கு தூக்குன ஆளு அவரு. மறுபடியும் ஏமாறக்கூடாதுன்னு மூணையும் மனப்பாடம் பண்ணிக்கிட்டாரு.

இங்க வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னா, அன்னைக்குப் பாத்து ஜியானுக்கு நாலாவது தோல் உரிஞ்சிருக்கு. பளபளன்னு அவன் மடியில கெடக்கு. பெய்லானுக்கு கையும் ஓடல காலும் ஓடல.

“போத்திக்கோடா, சீக்கிரம் போத்திக்கோ. பரண் மேல ஒளிச்சு வச்சுக்கிறேன். நாப்பது நாள் நான் காவல் இருக்கேன்”ங்குறா.

“ஆயிரம் பேர் தேடுறாங்கம்மா. நாப்பது நாள் இல்ல, நாலு நிமிசம் கூட விட மாட்டாங்க. நாலாவது தோலும் உரிஞ்சாச்சு, நடுவுல அண்டாவுல போட்டா இப்ப நான் கூட வெந்துருவேன்”ங்குறான் ஜியான்.

அப்ப கதவு இடுக்குல ஒரு நெழல் ஆடுச்சு. ஜியான் அதப் பாத்துட்டான். பாத்துட்டு அம்மாவப் பாத்து, வேணும்னே சத்தமா, “ஆனா அம்மா, இந்தத் தோலப் போத்திக்கிட்டா அப்புறம் சாவே கிடையாதே”ன்னான்.

படார்னு கதவத் தொறந்துக்கிட்டு ராஜா உள்ள வந்தான். தனியா வந்தான். சாகாத ரகசியத்த இன்னொருத்தன் காதுல விழ விடுவானா அவன்? “அங்கியெல்லாம் எதுக்கு, அதக் குடு இங்க”ன்னு தோலப் புடுங்கிட்டான்.

ஜியான் கையக் கட்டிக்கிட்டு சொன்னான், “மகாராஜா, நான் பொய்யே சொல்றவன். இன்னைக்கு ஒரு நாள் நெசம் சொல்றேன், கேளுங்க. இதப் போத்துனா கூடு கட்டிக்கும். நாப்பது நாள் யாரும் தொடக்கூடாது. அதனால மொதல்ல வெளிய போய் தளபதிகிட்ட உத்தரவ மாத்திட்டு வாங்க.”

ராஜா இளிச்சான். “நான் வெளிய போவேன், நீ அதுக்குள்ள போத்திக்குவ. என்னைய என்ன ஜாடின்னு நெனச்சியா?”

“நெசமாத்தான் சொல்றான் மகாராஜா, போய்ச் சொல்லிட்டு வாங்க”ன்னு பெய்லானும் கும்புட்டா. அவ பயந்தா பாருங்க, அதப் பாத்து அவனுக்கு இன்னும் சந்தேகம். தோலத் தலை வழியாப் போட்டுக்கிட்டான்.

போட்டதுதான் தாமதம். தோலு அவன இறுக்குச்சு, வாயிலருந்து நூலா வருது, தலை இப்படியும் அப்படியும் ஆடுது, ஒரு உலை கொதிக்கிற நேரத்துல வீட்டுக்கு நடுவுல மாடு படுத்த பெருசுக்கு ஒரு கூடு. பெய்லான் சுவத்தோட சுவரா ஒட்டிக்கிட்டு, “அடப்பாவி, உன் சாகா வரத்த அவனுக்குக் குடுத்துட்டியேடா”ன்னா.

தளபதி உள்ள வந்தாரு. கூட்டப் பாத்தாரு, கண்ணு விரிஞ்சுது. பக்கத்துல நின்ன ஜியானப் பாத்து, “தள்ளி நில்லு துடைப்பம்”னாரு.

“ஐயா, இவந்தான் ஜியான். உள்ள இருக்கறது உங்க ராஜா”ன்னா பெய்லான்.

“சொல்லுவ, சொல்லுவ”ன்னாரு தளபதி.

இருபது பேர் அந்தக் கூட்ட உருட்டிக்கிட்டு வெளிய கொண்டு போறாங்க. பெய்லான் பின்னாடியே ஓடுனா. அவ வீட்டக் கெடுத்தவன், புள்ளைய வேகவைக்க வந்தவன், ஆனாலும் உள்ள உயிர் இருக்குன்னு தெரிஞ்சே அண்டாவுல போடறத அவளால பாக்க முடியல. ஒரு தடவ தெரியாம போட்டதே அவளுக்குப் போதும். “சத்தியமா ராஜாதான்யா”ன்னா ரெண்டாவது தடவையா. “யாரு சத்தியம் பண்ணினாலும் நம்பாதன்னு உத்தரவு”ன்னாரு அவரு.

அண்டா பக்கத்துல போறப்ப கூட்டுக்குள்ளருந்து சத்தம். “டேய், நான் ராஜாடா. எறக்குங்கடா.”

தளபதி நின்னாரு. காத வச்சுக் கேட்டாரு. “என்ன தெறமை பாருங்கய்யா இவனுக்கு, அச்சு அசல் மகாராஜா குரல்”னு மெச்சிக்கிட்டாரு. “ஜாடி அன்னைக்கு ‘உம்’னு மட்டுந்தான் சொன்னுச்சு. இப்ப தேறிட்டான்.”

“உன் தலைய எடுத்துருவேன்டா”ங்குது கூடு.

“உங்க காலப் புடிக்கிறேன், அது அவருதான்”னா பெய்லான் மூணாவது தடவையா.

அவரு அவள ஓரமாத் தள்ளிட்டு கையக் காட்டுனாரு. போட்டுட்டாங்க.

அவ்வளவுதான். அந்தச் சத்தத்த நான் சொல்ல மாட்டேன், நீங்களும் கேக்காதீங்க. கொஞ்ச நேரத்துல அண்டாவுல தண்ணி கொதிக்கிற சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு. பெய்லான் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு மண்ணுல உக்காந்திருந்தா.

தளபதி நூலெடுத்துச் சுத்தி வச்சுக்கிட்டு ராஜாவுக்காகக் காத்திருந்தாரு, பாராட்டு வாங்க. ஒரு நாள் காத்திருந்தாரு. ரெண்டு நாள் காத்திருந்தாரு. மூணாவது நாள் அந்த நூலக் கையில புடிச்சுக்கிட்டு பெய்லான் வாசல்ல வந்து நின்னாரு. மொகத்துல ரத்தமே இல்ல.

“அம்மா, ராஜா எங்க?”ன்னாரு.

“நான் மூணு தடவ சொன்னேனே ஐயா”ன்னா அவ.

தளபதி கையிலருந்த நூலப் பாத்தாரு. அப்புறம் அத வாசப்படியில மெதுவா எறக்கி வச்சாரு, வாளையும் பக்கத்துலயே வச்சாரு, ஏரிக்கரை வழியா நடந்து போயிட்டாரு. அந்த ஆயிரம் குதிரையும் பேரிகையும் சத்தமில்லாம பின்னாடியே போச்சு. ஊரு அமைதியானதும் தலையத் தூக்கி நின்ன புழுவுல பாதி செத்துப்போச்சு. பாதி மெதுவா குனிஞ்சு இலையத் தின்ன ஆரம்பிச்சுது. அந்த வருஷம் எல்லாரும் அரை வயிறுதான், ஆனா யாரும் சாகல.

அப்புறம் ஒரு நாள் ஜியான் மல்பெரி மரத்துல ஏறி இலை பறிச்சுக்கிட்டிருந்தான். கொப்பு ஒடிஞ்சு கீழ விழுந்தான். பெய்லான் சிரிச்சுக்கிட்டேதான் வந்தா, கொதிக்கிற தண்ணியில குளிச்சவனுக்கு இது என்னன்னு. கிட்ட வந்து பாத்தா, முழங்கால்ல ரத்தம்.

அவ அப்படியே நின்னுட்டா. துடைப்பத்தப் பாத்தப்ப கூட, ராஜாவப் பாத்தப்ப கூட அவளுக்கு அப்படி ஆகல. இந்தப் புள்ளைக்கும் அடி படும், காய்ச்சல் வரும், ஒரு நாள் சாவும் வரும்னு அப்பத்தான் அவ நெஞ்சுல ஏறுச்சு.

“வலிக்குதும்மா”ன்னான் ஜியான். அது வரைக்கும் அவன் வாயிலருந்து அந்த வார்த்த வந்ததே இல்ல. அவனுக்கே ஆச்சரியமா இருந்துச்சு.

“ஏன்டா அப்படிப் பண்ணுன? வேற வழியே தெரியலையா உனக்கு?”ன்னு அவ அழுதா.

“போத்தியிருந்தா நீங்கல்லாம் போனப்புறம் நான் மட்டும் சூரியனப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். ஏற்கெனவே ஆயிரம் வருஷம் அப்படித்தான் உக்காந்திருந்தேன், போதும்”னான். அவ முந்தானையக் கிழிச்சு கட்டுப் போட்டா. அவன் அய்யோ அம்மான்னு கத்துனான், ஊருக்கே கேட்டுச்சு.

சாகாம இருக்கணும்னு ஆசைப்படறது தப்பில்ல, யாருக்குத்தான் இல்ல அந்த ஆசை. அதுக்காக அடுத்தவன் புள்ளைய அண்டாவுல போட நெனச்சா, அந்த அண்டா சும்மா இருக்காது. அவங்க அங்க கட்டுப் போட்டு கஞ்சி குடிச்சாங்க, நான் இங்க கதைய மூடி வச்சுட்டேன், நீங்க கையக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது.